கடைமடைச் சேதி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கிறது நெய்யூர். அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். பசித்தால் வலிக்கும். இரண்டு வாய் கஞ்சி உள்ளே போனால் அடங்கும். நடுச்சாமத்தில் மறுபடி எழுந்து ஆளைச் சுருட்டிப் போடும். சித்த வைத்தியர்கள் குன்மம் என்றார்கள். இன்று எல்லாரும் அல்சர் என்கிறோம். நோய் முற்றிப்போய் முன்சிறுகுடலின் வாசல் தழும்பேறி அடைத்துக்கொண்டால் தின்றது எதுவும் கீழே இறங்காது; மனிதன் வாந்தி எடுத்தே உருகிப்போவான்.

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, தெற்கே இந்த நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை மருத்துவர் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாமர்வெல் அதைப் பார்த்தார். லண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே பணியாற்றுவது என்று முடிவு செய்தார். 1924இல் இன்னொரு முறை எவரெஸ்ட் ஏற முயன்றார். ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை போய், தொண்டை உறைந்து மூச்சடைத்துச் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார். அதன்பிறகு 1949 வரை அவருடைய ஊர் நெய்யூர்தான். பிறகு வேலூருக்குப் போனார். கேரள எல்லைக்கு அப்பால் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

நெய்யூரில் அவர் கத்தி அதிகம் பட்ட இடம் இரைப்பையும் முன்சிறுகுடலும். தென்திருவிதாங்கூரின் ஏழைகளுக்கு முன்சிறுகுடல் புண் ஏன் இவ்வளவு வருகிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. வெட்டித் தைத்து அனுப்பினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. காரணம் தேடினார், எழுதினார். அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் உடம்பு தன்னைத்தானே எப்படி ஆண்டுகொள்கிறது என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம். ஹார்மோன் என்ற ஒன்று உண்டு என்பதையே மனிதன் முதலில் கண்டது சிறுகுடலின் உட்சுவரில்தான்.

1902ஆம் ஆண்டு ஜனவரி 16. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கமூட்டப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் கொஞ்சம் அமிலம் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் தள்ளி இருக்கும் கணையம் தன் நீரைச் சுரக்கத் தொடங்கியது. செரிமானத்தில் எல்லாமே நரம்பின் வேலை என்று ரஷ்யாவில் பாவ்லோவ் நிறுவிவைத்திருந்த காலம் அது. நரம்பே இல்லாத குடலிலிருந்து கணையத்துக்குச் சேதி எப்படிப் போயிற்று? ஸ்டார்லிங் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தத்தில் ஏற்றினார். கணையம் மறுபடி சுரந்தது. அமிலம் பட்டவுடன் குடல் ஒரு பொருளை ரத்தத்தில் விடுகிறது, ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது, அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்த கணையம் மட்டும் எழுந்து வேலை செய்கிறது என்று தெளிந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள். இந்த வகைப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் ஒரு சொற்பொழிவில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

இனி நெய்யூர்ப் பக்கத்துக் கூலியாள் ஒருவரின் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். மயக்கின மரச்சீனிக் கெழங்கு (மரவள்ளி), சாளை போட்ட புளிமுளம். முதல் வாய் இரைப்பைக்குள் இறங்கியதும் சுவர் விரிகிறது. மீனின் புரதம் உடையத் தொடங்குகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சில செல்கள் இதை உணர்ந்து காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இரைப்பைக்கே வந்து, மேல்பகுதியில் இருக்கும் அமிலச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது, கையில் பட்டால் எரியும் அதே அமிலம். உணவு கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. குடலுக்கு இந்த அமிலம் ஆகாது. உடனே செக்ரடின் புறப்படுகிறது. கணையம் காரநீரை அனுப்புகிறது. அமிலம் தணிகிறது. மீனின் கொழுப்பு குடலைத் தொட்டதும் இன்னொரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை இறக்குகிறது. சாப்பிட்டவர் இதற்குள் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அவருடைய விருப்பமோ கவனமோ இதில் எதற்கும் தேவைப்படவில்லை.

இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே ஓரளவு இருக்கிறது. பாடம் போதிய அழுத்தம் தராத பகுதி இதற்கு அடுத்தது. நான் நின்று பார்ப்பதும் அங்கேதான். அமிலம் போதிய அளவு சேர்ந்ததும் சுரப்பு நிற்கவேண்டும். நிறுத்துவது யார்? அமிலமேதான். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அமிலம் ஒரு மட்டத்தைத் தாண்டினால், அங்கேயே இருக்கும் வேறு வகைச் செல்கள் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பக்கத்துக் காஸ்ட்ரின் செல்களை அடக்குகிறது. காஸ்ட்ரின் குறைந்தால் அமிலம் குறைகிறது. குடலிலும் இதே கதை: காரநீர் அமிலத்தைத் தணித்துவிட்டால் செக்ரடினுக்கு வேலை இல்லை, அது தானாக ஓய்கிறது. செய்த வேலையின் விளைவே திரும்பிப் போய் வேலையை நிறுத்துகிறது.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை விளக்கத் தனியாக ஒரு வகுப்பு வேண்டாம். 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கோதையாற்றுத் தண்ணீர் இறங்கி, புத்தன் அணையில் பிரிந்து, சானல் சானலாக ஓடி, தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் போகிறது. அணையில் ஷட்டரைத் தூக்குபவரின் கண்ணுக்குக் கடைமடை வயல் தெரியாது. அங்கே பயிர் வாடுகிறதா, வரப்பு மூழ்கிவிட்டதா என்ற சேதி மேலே போகவேண்டும். போனால் ஷட்டர் ஏறும், இறங்கும். சேதி போகும் வழி அடைபட்டால், அணையில் தண்ணீர் நிறைய இருந்தும் ஏலா அழுகிப்போகலாம், அல்லது வெடித்துப்போகலாம். உடம்பில் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் இப்படி ஒரு கடைமடைச் சேதி உண்டு. சுரப்பிகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து சேதி திரும்புகிறது என்று கேட்கப் பழகினால் உடலியல் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

சாமர்வெல்லின் காலத்தில் சோமட்டோஸ்டாட்டின் யாருக்கும் தெரியாது. காஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கிறது என எட்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1905இலேயே சொல்லியிருந்தும் பலர் நம்பவில்லை. லிவர்பூலில் கிரிகரி அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தது 1964இல்தான். ஆகவே நெய்யூர் மேசையில் கிடந்த நோயாளிக்குச் செய்ய முடிந்தது இவ்வளவே: அமிலத்தைக் குறைப்பது, அல்லது புண்ணின்மேல் படாமல் திருப்பிவிடுவது. இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்து மாற்றுப்பாதை போட்டார்கள். சிலருக்கு இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு பெரிய அறுவையை மெலிந்த உடம்பு தாங்காது என்று கண்ட சாமர்வெல், இரைப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சிலவற்றைக் கட்டிவிட்டாலே அமிலம் குறையும் என்ற ஒரு முறையை வகுத்து 1945இல் எழுதினார். அந்த முறை நிலைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த அக்கறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. உறுப்பை எடுக்காமல் அதன் நடத்தையைத் திருத்த முடியுமா என்று பனங்காட்டுக்கு நடுவில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவர் யோசித்திருக்கிறார்.

காரணத்தைத் தேடிய வேறு சிலர் உணவைப் பிடித்தார்கள். குன்னூரில் இருந்த உணவு ஆய்வகத்தை நிறுவிய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்பதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட பஞ்சாப் உணவைத் தின்ற எலிகள் கொழுத்துத் திரிந்தன. மரச்சீனிக் கிழங்கே பெரும்பகுதியான திருவிதாங்கூர் ஏழையின் உணவைத் தின்ற எலிகளில் கணிசமானவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. நெய்யூரில் சாமர்வெல்லோடு இருந்த ‘ஓர்’ என்ற பெயருடைய மருத்துவரும் குன்னூர் ஆய்வகத்தின் ராதாகிருஷ்ண ராவும் சேர்ந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தென்னிந்திய வயிற்றுப்புண் பற்றி 1939இல் எழுதினார்கள். கிழங்கின் தலையில் பழி விழுந்தது.

பிறகு 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி. யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்து வயிற்று நோயை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய கண்டுபிடிப்போடு வயிற்றுப்புண் கத்திக்குரிய நோயாக இருந்த காலம் முடிந்தது. ஒன்றிரண்டு வார மாத்திரை போதும் என்றாயிற்று. இந்தக் கிருமி என்ன செய்கிறது என்று பார்த்தபோது வெளிவந்த விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அது குடியேறினால், அங்கே சோமட்டோஸ்டாட்டின் சுரப்பு குறைகிறது. அடக்குபவர் ஓய்ந்ததால் காஸ்ட்ரின் தங்குதடையின்றிச் சுரக்கிறது. அமிலம் சேர்ந்தது என்ற சேதி சேரவேண்டிய இடத்துக்குச் சேர்வதில்லை. மேலும் மேலும் அமிலம் இறங்கி முன்சிறுகுடலை அரிக்கிறது. நெய்யூர் வராந்தாவில் கிடந்தவர்களில் பெரும்பாலானவர்களின் நோய் அதிகமாகச் சுரந்ததில் தொடங்கவில்லை. நிறுத்தச் சொல்லும் குரல் அடங்கிப்போனதில் தொடங்கியது.

கிழங்குக்கு இதில் பங்கே இல்லையா? கிருமி உள்ளவர்கள் எல்லாருக்கும் புண் வருவதில்லை. மைசூரில் நெடுங்காலம் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற மருத்துவர், இந்தியாவில் எந்த உணவு உண்ணும் பகுதியில் புண் அதிகம் என்று வரைபடம் போட்டுப் பார்த்து, சில தானியங்களிலும் பருப்புகளிலும் குடலைக் காக்கும் கொழுப்புப்பொருள்கள் இருக்கின்றன என்று வாதிட்டார். தீட்டிய அரிசியையும் கிழங்கையும் மட்டுமே நம்பி வாழ்ந்தவனுக்கு அந்தக் காப்பு இல்லாமல் போயிருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மெக்கரிசனை மட்டும் இன்னும் கொஞ்சம் பின்தொடரவேண்டும். குன்னூருக்கு வருமுன் அவர் வடமேற்கு மலையில் கில்கிட்டில் இருந்தார். அங்கே ஒரே நீரோட்டத்தை அடுத்தடுத்துப் பயன்படுத்திய சில கிராமங்களில், மேலேயுள்ள ஊரைவிடக் கீழேயுள்ள ஊர்களில் முன்கழுத்துக் கழலை படிப்படியாகக் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தார். தண்ணீரில் சேரும் அசுத்தம்தான் காரணம் என்று எண்ணி, அந்த வண்டலைத் தாமும் குடித்தார், முன்வந்த வேறு சிலரையும் குடிக்க வைத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. தம் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தவர்கள் மருத்துவத்தில் எத்தனை பேர்! கழலைக்கு அடிப்படைக் காரணம் அயோடின் பற்றாக்குறை என்று பின்னால் உறுதியானது. இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்து கொடுத்தாலே கழலை குறையும் என்று காட்டியது. 1962இல் தேசியக் கழலை தடுப்புத் திட்டம் வந்தது.

கழலை ஏன் வருகிறது என்பதில் உடம்பின் ஆட்சிமுறை முழுதாகத் தெரியும். தைராய்டு சுரப்பி நடுக்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே 20 கிராம் எடைக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் அயோடினைப் பிடித்து இழுத்து, அதைக் கொண்டு தைராக்சின் செய்கிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்பதை தைராக்சின் முடிவு செய்கிறது. இதயத்தின் துடிப்பு, உடம்பின் சூடு, குடலின் ஓட்டம், மாதவிடாய், குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றிலும் அதன் கை உண்டு. தைராய்டை ஆள்வது மூளைக்கு அடியில் ஏறத்தாழ அரை கிராமே உள்ள பிட்யூட்டரி. அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. பிட்யூட்டரிக்கு மேலே ஹைபோதாலமஸ். அங்கிருந்து வரும் ஆணை எது என்று கண்டுபிடிக்க, கிய்மன் என்ற விஞ்ஞானி லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளையும் ஷாலி என்ற இன்னொருவர் பன்றி மூளைகளையும் ஆண்டுக்கணக்கில் அரைத்து வடித்து, 1969இல் அதன் வடிவத்தைக் கண்டார்கள்.

ரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு ஓடினால், அந்த தைராக்சினே மேலே போய்ப் பிட்யூட்டரியையும் ஹைபோதாலமஸையும் அடக்குகிறது. அது குறைந்தால் அடக்கம் தளர்கிறது, டி.எஸ்.எச். ஏறுகிறது. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு ஏறும். அவ்வளவு கூர்மையான காது பிட்யூட்டரிக்கு. அயோடினே கிடைக்காத ஊரில் தைராய்டு என்னதான் முயன்றாலும் தைராக்சின் செய்ய முடியாது. டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும். ஓயாத அந்தத் தூண்டலில் சுரப்பி தன் செல்களைப் பெருக்கிப் பெருக்கிக் கழுத்தில் புடைத்து நிற்கும். கழலை என்பது நோயுற்ற சுரப்பியின் அடையாளம் என்று மட்டும் நினைக்கிறோம். கிடைக்கிற துளி அயோடினையும் விடாமல் பிடித்துவிட உடம்பு எடுத்த பெருமுயற்சி அது.

மரச்சீனி மறுபடி இங்கே வருகிறது. தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியரோடு மலையாளக்கரை வந்து சேர்ந்த இந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பஞ்சத்துக்கு மாற்றாகத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வீட்டு அடுப்பை எரியவைத்தது இதுதான். நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் இதைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள். அந்த இளக்காரம் தவறு. ஓர் ஏக்கர் மேட்டுநிலத்தில் இவ்வளவு உயிரைத் தாங்கிய பயிர் வேறு இங்கே இல்லை.

கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு வெட்டுப்படும்போது அது சிதைந்து சயனைடு பிறக்கிறது. மேல்தோலில் அதிகம், கசக்கும் வகைகளில் மிக அதிகம். நன்றாகச் சமைத்தால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சிய சிறிதளவைக் கல்லீரல் கந்தகத்தோடு சேர்த்து தயோசயனேட்டாக மாற்றி நஞ்சை முறிக்கிறது. ஆனால் இந்த தயோசயனேட், தைராய்டு அயோடினை உள்ளே இழுக்கும் அதே வாசலில் போய் நின்று இடத்தை அடைத்துக்கொள்ளும். போதிய அயோடின் உண்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அயோடினும் இல்லாமல் கிழங்கை மட்டும் தின்றவர்களுக்கு ஆகும். ஆப்பிரிக்காவில் கிவு ஏரியின் இட்ஜ்வி தீவிலும் உபாங்கிப் பகுதியிலும் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1960களிலிருந்து கண்டது அதைத்தான்: பெரிய கழலைகள், வளர்ச்சி குன்றிய குழந்தைகள்.

நம் கரையில் அந்த அளவுக்கு நேரவில்லை. ஏன் என்று யோசித்தால் குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கத்திலிருந்து கடவத்தைத் தலையில் சுமந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வரை நடந்த மீன்காரப் பெண்கள் கண்ணில் படுகிறார்கள். சாளையிலும் நெத்தோலியிலும் அயோடின் உண்டு. தைராய்டுக்குத் தேவையான செலினியமும் உண்டு. சயனைடை முறிக்கக் கல்லீரல் கேட்கும் கந்தகத்தைத் தரும் புரதமும் உண்டு. கெழங்குக்கு மீன்கறி என்ற சேர்க்கை நாக்கு கண்டுபிடித்தது. முன்னோர்கள் தைராய்டு படித்துவிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அவர்களுக்கும் அறிவியலுக்கும் மரியாதை ஆகாது. ஆனால் பல தலைமுறை உண்டு பார்த்துத் தேர்ந்த வழக்கத்தில் உடம்பின் ஒப்புதலும் கலந்திருக்கிறது. எங்கள் ஆச்சி கிழங்கு வெந்ததும், “மக்கா, அந்தத் தண்ணிய முழுசா வடிச்சுக் களஞ்சிரு, கொஞ்சமும் வச்சிராத” என்பாள். மீனுக்கு வக்கில்லாத நாளில் வெறும் காந்தாரி மிளகும் உப்பும் அரைத்துத் தொட்டுத் தின்றவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்த வறுமைதான் நோய்க்கு வழிவிட்டிருக்கும்.

இதே கிழங்கின் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. கணையத்தில் கல் விழுந்து, இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து, மெலிந்த இளைஞர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதைக் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் 1960களில் விரிவாகப் பதிவு செய்தார். 1979இல் அவரும் மக்மில்லன் என்ற ஆய்வாளரும் கிழங்கின் சயனைடு காரணமாக இருக்கலாம் என்றார்கள். பின்னர் சென்னையில் எலிகளுக்கு நெடுநாள் மரச்சீனி கொடுத்துப் பார்த்தபோது நீரிழிவும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. 2000இல் அந்த முடிவு வெளியானது. கிழங்கே உண்ணாத வடஇந்தியாவிலும் நோய் இருந்தது. மரபணுவில் ஒரு குறை பலரிடம் காணப்பட்டது. ஏழை உண்பதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று நம் மாவட்டத்தில் கழலையைத் தேடினாலும் அரிதாகத்தான் தெரியும். ஆனால் தைராய்டு மாத்திரை இல்லாத தெரு இல்லை. எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைப்போல் மூன்று மடங்கு பெண்கள். இப்போது பலருக்கும் காரணம் அயோடின் இன்மை அல்ல. உடம்பின் காவற்படையே தைராய்டைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய் அது. கடலோரத்தில் இருக்கிறோம், உப்பளம் பக்கத்தில் இருக்கிறது, நமக்கு அயோடின் உப்பு எதற்கு என்று புத்தளம், தாமரைகுளம் பக்கம் கேட்பவர்கள் உண்டு. கடல்நீரைக் காய்ச்சிய கல்லுப்பில் அயோடின் அநேகமாக நிற்பதில்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். அது பாக்கெட் உப்பில் சேர்த்துத்தான் தரப்படுகிறது.

என் அம்மை பல வருடம் களைத்துக் கிடந்தாள். முடி கொட்டியது, குரல் தடித்தது, மார்கழி தாண்டியும் போர்வையை விடவில்லை. சொந்தக்காரர்கள் சோம்பல் என்றார்கள். ஒரு மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும், நமக்கு வயசாகுது என்று நம்பிவிட்டாள். அந்த வருடங்கள் முழுவதும் அவளுடைய பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைப் பல மடங்கு ஏற்றி வைத்துக்கொண்டு அழைத்தபடி இருந்திருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தது. தினமும் விடியற்காலை வெறும்வயிற்றில் ஒரு சிறிய மாத்திரை. சில மாதத்தில் பழைய அம்மை திரும்பி வந்தாள். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றிய ஒரு பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று படித்தபோது, அவர் முகம் எனக்கு அம்மையின் முகமாகவே தோன்றியது. நம் வீட்டுப் பெண்களின் களைப்பைக் குணம் என்று தீர்ப்பெழுதும் முன் ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. தைராய்டு சரியாக உருவாகாமலோ இயங்காமலோ சில குழந்தைகள் பிறக்கின்றன. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று. உலகச் சராசரியைவிட இது அதிகம். பிறந்த அன்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நன்றாக உறங்கும், அதிகம் அழாது, அடக்கமான பிள்ளை என்று பாராட்டுவார்கள். மாதங்கள் போனால் மூளை வளர்ச்சி குன்றிவிடும், பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. ஆனால் அந்தக் குழந்தையின் பிட்யூட்டரிக்கு முதல் வாரத்திலேயே எல்லாம் தெரியும், ரத்தத்தில் டி.எஸ்.எச். உயர்ந்து நிற்கும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் அதைப் பார்த்துவிடலாம். கனடாவின் கியூபெக்கில் 1974இலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், வீட்டுக்குக் கிளம்பும் முன் குதிகால் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள், முடிவைக் கையில் வாங்கிப் பாருங்கள்.